நீளம் மைனஸில் வந்த நாள்

போன வாரம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கார்த்திகா சி மொழியில் எழுதிய நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துசேரும் செய்தியின் நீளத்தை, மைனஸையும் ஏற்கும் எண்வகையில் வைத்திருந்தாள். மாற்றச் சொன்னேன். "நீளம் எங்கயாச்சும் மைனஸ்ல வருமா சார்?" என்று சிரித்தாள். எபி இருந்திருந்தால் அவனும் அப்படித்தான் சிரித்திருப்பான்.

எபி என்கிற எபனேசர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் இருவருமாக மில்களுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் செய்துகொண்டிருந்தோம். ஈயம் பற்றவைக்கும் புகை எங்கே அடித்தாலும் எனக்கு அந்த அறைதான். பற்றவைப்பது நான், நிரல் அவன். பாதி நாள் என் விரலைத்தான் சுட்டுக்கொள்வேன். "ஏலே, போர்டுல வையி, கையில வைக்காத" என்பான்.

அய்யனார் கோவில் பக்கம் தோப்பு வைத்திருந்த ஒருவர் சைரன் கேட்டு வந்தார். மலையில் மழை கொட்டினால் கீழே ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். வேலையாட்கள் இறங்குமுன் ஊத வேண்டும். மேலே மழைமானி வைத்தோம். அது கீழே சைரனுக்கு அனுப்பும் செய்தி, மழை வலுக்க வலுக்க நீளும். அந்த நீளத்தை எபி ஒற்றை பைட்டில், மைனஸும் வரக்கூடிய வகையில் வைத்திருந்தான். நூற்றிருபத்தேழுக்கு மேல் அதில் அடங்காது. இரண்டு மழைக்காலம் சைரன் ஒழுங்காக ஊதியது. எல்லோரும் அதை நம்பினார்கள், அவன் உட்பட.

ஓர் ஐப்பசி மத்தியானம் மழைமானிக்குப் பேட்டரி மாற்ற எபி போனான். திரும்பும்போது, தோப்பில் வேலைபார்த்த காளியம்மாள் ஓடைக்கரையில் தயங்கி நின்றாளாம்.

"மேல இருட்டிக் கெடக்கே தம்பி, செத்த நேரம் பொறுப்பமா?"

"தண்ணி வந்தா சைரன் ஊதும்க்கா. நான் முன்னால போறேன், நீங்க பொறவு வாங்க."

பாதி ஓடையில் வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது. சைரன் ஊதவே இல்லை.

போர்டைக் கழற்றிப் பார்த்தது நான்தான். அன்றைய மழைக்குச் செய்தி நீண்டு, எண் வரம்பைத் தாண்டி, மைனஸாகிவிட்டிருந்தது. 'இருக்கிற இடத்தைவிடச் சின்னதா?' என்று கேட்ட சோதனை, மைனஸ்தானே என்று உள்ளே விட்டுவிட்டது. நகலெடுக்கும் கட்டளையோ அதையே மாபெரும் எண்ணாக எடுத்துக்கொண்டு நினைவகம் முழுக்க எழுதித்தள்ள, போர்டு அப்படியே நின்றுபோயிருந்தது. இத்தனைக்கும் அந்தச் செய்திக்கு அங்கே இடம் இருந்தது. மைனஸ் ஏற்காத வகை என்று ஒரு சொல் எழுதியிருந்தால் ஊதியிருக்கும்.

"அவன் செஞ்ச மிசின் ஊதுச்சாய்யா?" என்று அவன் அம்மா கேட்டார்.

"மழ ரொம்பப் பெருசும்மா" என்றேன்.

இன்று அந்த அம்மா இல்லை. மாடியறை செல்போன் கடையாகிவிட்டது. ஓடைமேல் பாலம் வந்து, சைரன் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். மழை நாளில் காளியம்மாள் மட்டும் பாலம் ஏறாமல் இக்கரையிலேயே நிற்கிறாளாம். சந்தையில் பார்த்தபோது ஏனென்று கேட்டேன்.

"சைரனுக்குக் காதக் குடுத்துக்கிட்டே நிக்கேன் சார். ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."