கைய எடுங்கக்கா

"கைய எடுங்கக்கா."

செம்மொழி இதைப் பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதற்கு முன் வந்த எட்டு அணிகளிடமும் இதையேதான் சொன்னாள்.

சீர்காழி கடைவீதிக்குப் பின்னால், ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கூடத்தில் அவளுக்கு வேலை. பனையோலையில் பெட்டி முடையத் தெரிந்தவர்களைக் கைத்தொழில் பயிற்றுநர்களாக ஆக்க வேண்டும். முடைவதை அவள் சொல்லித்தருவதில்லை. அது வருகிறவர்களுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். சொல்லித்தருவது எப்படி என்று சொல்லித்தருகிறாள். உறவினர்களிடம் இதை விளக்கி அலுத்துப்போய் இப்போதெல்லாம் "டீச்சர் வேலை" என்று முடித்துக்கொள்கிறாள்.

அவள் எரிச்சலுக்குக் காரணங்கள் நிறைய. 'இயற்கைப் பொருள் பயிற்சிக்கு' என்று எழுதி ஒரு முறை மேலிடத்திலிருந்து பிளாஸ்டிக் ஒயர் வந்தது. பாடத்திட்டத்தில் ஓலை ஊறுவதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் நாள் மாலையே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைக்காவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை பட்டென்று ஒடியும். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் அவளே நனைத்துச் சுற்றிவைக்கிறாள். இதற்கெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கற்கிறவர் தடுமாறினால் போதும், சொல்லித்தருகிறவர் ஓலையைப் பிடுங்கித் தானே முடைந்துவிடுகிறார்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் நடவுக்குப் போகிற பெண்கள். நடும்போது பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போவார்கள். ஒருத்தி பிந்திவிட்டால் மற்றவர்கள் பின்னே போய்விட, அவள் மட்டும் நட்ட நாற்றுக்கு நடுவே தனியாக நிற்பாள். அப்படி நிற்கவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவள் எட்டி அவள் இடத்திலும் நட்டு அவளைக் கூடவே இழுத்துக்கொண்டு போவாள். யாரும் கேட்பதில்லை. யாரும் நன்றி சொல்வதுமில்லை. வேலை அப்படி. அதே கை இந்தக் கூடத்துக்கும் வந்துவிடுகிறது.

செம்மொழிக்கு அந்தக் கையின் மேல் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில் அவளும் அம்மாவோடு வயலுக்குப் போனவள்தான். மெதுவாக நடுவாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டார்கள். ஆறு வருடம் போனாள். இன்றுவரை அவளுக்கு நடவு வராது. அதுதான் படித்து வேலைக்கு வந்துவிட்டாயே என்பார்கள். வந்துவிட்டாள். ஆனாலும் நாற்றைச் சேற்றில் அழுத்தும்போது கட்டைவிரல் என்ன செய்ய வேண்டும் என்று அந்த விரல் கற்றுக்கொள்ள ஒருவரும் விடவில்லை.

இந்த அணியில் காத்தாயி வந்திருந்தாள். தரங்கம்பாடிப் பக்கம், வயது நாற்பத்தாறு. அவள் முடைந்த பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பயிற்சி முடிவில் நடக்கும் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இரண்டு முறையும் காரணம் கைதான். மூன்றாவது முறைக்கு மேல் விதியில் இடமில்லை. அவள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பெண்கள் பயிற்சி மையத்தில் பயிற்றுநர் இடம் காலியாக இருந்தது. சான்றிதழ் இருந்தால் உட்கார்ந்து செய்யும் வேலை. இல்லாவிட்டால் வருகிற சம்பா நடவுக்கு மறுபடி சேற்றில் இறங்க வேண்டும். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. அதற்குப் பிறகும் அவள் குனிந்துகொண்டுதான் இருந்தாள்.

பதினோராம் நாள் ஒத்திகை. அணியில் இருந்த ஒரே ஆணான வைரக்கண்ணு கற்கவந்தவராக நடிக்க வேண்டும்.

"ஒன்னுமே தெரியாத ஆளுன்னு நெனச்சுக்கங்க" என்றாள் செம்மொழி.

"தெரியாத மாதிரி முடைய எனக்கு வரலையே டீச்சர். கை தானா சரியாப் போவுது."

"தப்பாப் பண்ணுங்க. அது எல்லாருக்கும் வரும்."

வைரக்கண்ணு பாடுபட்டு ஓர் ஓலையைத் தப்பாகத் தூக்கினார். காத்தாயியின் கை பாய்ந்தது. செம்மொழி சொல்லி முடிப்பதற்குள் மூன்று வரிசை முடைந்தாகிவிட்டது.

"கைய எடுங்கக்கா!"

"எடுத்துட்டேன் டீச்சர்."

"முடிச்சுட்டு எடுக்குறீங்க."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே செம்மொழி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் இதே பண்ணுனா என்ன ஆவும்னு தெரியுமா?"

"தெரியாமலா. ஆனா பாத்துக்கிட்டு எப்படி டீச்சர் சும்மா இருக்கறது? எதிர்ல ஒரு ஆளு திண்டாடுது."

"திண்டாடட்டும்."

"உங்களுக்கு மனசு கல்லு டீச்சர்."

"ஆமா. கல்லுதான்." செம்மொழி தண்ணீர் குடித்தாள். "கயிறு கட்டி நடுவாங்களே, அதுக்குப் போயிருக்கீங்களா?"

"போன வருசம் பூரா அதான். ரெண்டு பக்கமும் வரப்புல ரெண்டு ஆளு கயிறப் புடிச்சுக்கிட்டு நிக்கும். நாங்க கயித்தோரமா நட்டுக்கிட்டே வரணும்."

"கயிறு புடிக்கிற ஆளு வயல்ல எறங்குமா?"

"அது எதுக்கு எறங்குது? வரப்புல நின்னு கத்தும். இங்க இடைவெளி விட்டுப்போச்சு, அங்க கோணலாப் போச்சுன்னு."

"ஒருத்தி முடிக்கலைன்னா?"

"கயிறு நகராது. முடிக்கிற வரைக்கும் நிக்கும்."

"நாளைக்கு நீங்க கயிறு புடிக்கிற ஆளு. அவ்வளவுதான். வேற ஒன்னும் நெனைக்காதீங்க."

காத்தாயி யோசித்தாள். "அந்த ஆளுங்க சுத்தச் சோம்பேறிங்க டீச்சர்."

"ஒரு மணி நேரம் சோம்பேறியா இருங்க."

மறுநாள் மதிப்பீட்டாளர் பரணிதரன் கையில் டேப்லட்டோடு வந்தார். ஓலையைத் தொட்டே பார்க்காத ஓர் ஆளுக்கு ஒவ்வொரு பயிற்றுநரும் நாற்பது நிமிடத்தில் பெட்டியின் அடிப்பாகம் முடையச் சொல்லித்தர வேண்டும். காத்தாயிக்கு என்று சொல்லிவைத்த பெண் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. செம்மொழி எதிர்ச் சாரிக்கு ஓடி, ஜெராக்ஸ் கடை சைபுல்லாவைக் கூட்டிவந்தாள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல்கள் தடித்தவை.

"உங்க பாடக்குறிப்பு எல்லாம் நான்தானேம்மா ஜெராக்ஸ் போட்டேன். பாதி எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றபடி உட்கார்ந்தார்.

தெரியவில்லை.

காத்தாயி இரண்டு அடி தள்ளிப்போய் நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். செம்மொழி வாசலில் நின்றாள். தேர்வு நடக்கும்போது அவள் பேசக் கூடாது. அவளுக்கு இதைவிடக் கொடுமையான விதி கிடையாது.

"அண்ணே, அதத் தூக்காதீங்க. பக்கத்துல உள்ளதத் தூக்குங்க."

"எதுக்குப் பக்கத்துல?"

"இப்ப எதப் புடிச்சிருக்கீங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

"சரி, எல்லாத்தையும் விடுங்க. ஒன்னு மேல, ஒன்னு கீழ. மொதல்லேர்ந்து வாங்க."

அவர் முதலிலிருந்து வந்தார். நான்காவது வரிசையில் ஓலைகள் விலகிக் கோணலாயின. காத்தாயியின் தோள் ஒருமுறை அசைந்தது. செம்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது காத்தாயி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

முப்பத்தைந்து நிமிடமாயிற்று. பாதிதான் முடிந்திருந்தது. பரணிதரனுக்கு அடுத்து இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர் டேப்லட்டை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து, "இத இப்படி உள்ள விட்டா முடிஞ்சுதுங்க" என்று சைபுல்லாவின் ஓலை நுனியைப் பிடித்தார்.

"சார், கைய எடுங்க!"

காத்தாயிதான். வரப்பிலிருந்து வயலின் மறுமுனைக்குக் கேட்கிற குரல். பரணிதரன் கையை எடுத்துவிட்டார். செம்மொழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாருக்கே திட்டு விழுது. நான் நிம்மதியாப் பண்ணுறேன்" என்றார் சைபுல்லா.

நாற்பது நிமிடம் ஆனதும் டேப்லட் மணியடித்தது.

"டைம் முடிஞ்சுதும்மா."

"அண்ணன் இன்னும் முடிக்கலையே சார்."

"நேரத்துக்கு உண்டான மார்க் போயிடும்."

"போவட்டும். முடிக்காம கயிறு எப்படி நகரும்?"

பரணிதரன் எந்தக் கயிறு என்று செம்மொழியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை.

இன்னும் பதினேழு நிமிடம் பிடித்தது. ஒரு மூலை இளித்துக்கொண்டிருந்தது. மற்றபடி அது ஒரு பெட்டியின் அடிதான். பரணிதரன் விதிப்படி கேட்டார்: "என்ன கத்துக்கிட்டீங்க?"

"ஒன்னு விட்டு ஒன்னு தூக்கணும் சார். ஒரு எடத்துல தப்புனா அங்கேர்ந்து எல்லாம் தப்பு. அந்த மூலையில எங்க விட்டேன்னு எனக்கே தெரியுது பாருங்க." விரல் வைத்துக் காட்டினார். சரியான இடம். அதைக் காத்தாயி சொல்லவில்லை.

கற்பவரின் வேலையைப் பயிற்றுநர் தொட்டாரா என்ற கேள்விக்கு எதிரே பரணிதரன் 'இல்லை' என்பதை அழுத்தினார். நேரத்துக்கு உண்டான மதிப்பெண் போயிற்று. மொத்தத்தில் தேறிவிட்டாள். எல்லாரும் முடித்தபின் வந்த பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர்.

சைபுல்லா கடை திறக்கக் கிளம்பினார். "இத எடுத்து வைங்க. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன். வீட்டுல காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு பேரின் தேர்வும் முடிந்து, பரணிதரனை பஸ் ஏற்றிவிட்டுச் செம்மொழி திரும்பி வந்தாள். கூடத்தில் காத்தாயி மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் சைபுல்லாவின் பெட்டி அடி. இளித்த மூலையில் இரண்டு ஓலைகளை ஏற்கெனவே பிரித்திருந்தாள்.

"ஒரே ஒரு மூல டீச்சர். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"கைய எடுங்கக்கா."