ஏரம்பு திண்ட பாலம்

நீர்வேலிக்குக் கிழக்கே, வாழைத்தோட்டங்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கும் இடத்தில் வாய்க்காலுக்கு மேலே ஒரு கொங்கிறீற்றுப் பாலம் நிற்கிறது. அதன் மேற்குப் பாதியில் இன்றைக்கும் லொறி ஓட்டலாம். கிழக்குப் பாதி தளம் உதிர்ந்து, துருவேறிய கம்பி வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆடு கூட யோசித்துத்தான் கால் வைக்கும். புதிய வீதி வடக்குப் பக்கமாகப் போன பிறகு, மாடு கட்டப் போகிறவர்களைத் தவிர அந்தப் பக்கம் ஒருவருக்கும் அலுவல் இல்லை. ஊரில் அதற்கு ஒரே பெயர், ஏரம்பு திண்ட பாலம். ஏரம்பு என்கிற மேசன் சீமெந்தைக் களவாக விற்றுவிட்டு வெறும் மண்ணைக் குழைத்துக் கட்டி, பாலத்தையே தின்றுவிட்டான் என்பது கதை.

அந்தக் கதையைச் சொல்வதற்கென்றே பிறந்தவர் பொன்னம்பலத்தார். எழுபதைத் தாண்டிய வாழைத் தோட்டக்காரர். கலியாண வீடோ செத்த வீடோ, அவர் இருக்கிற மூலையில்தான் கூட்டம் இருக்கும். இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாயோடு பாய் முட்டக் கிடந்த நாட்களிலும், குண்டுச் சத்தத்துக்கு நடுவில், இந்தப் பாலத்தின் கதையைச் சொல்லி, அழுத பெண்களைச் சிரிக்க வைத்தவர். மகள் சுபாஜினி கனடாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவி குணலட்சுமியும்தான். "உங்கடை வாய்க்குக் கூலி கிடைச்சிருந்தா நாங்கள் மாடி வீடு கட்டியிருப்பம்" என்பாள் குணலட்சுமி. அவருக்கு அது புகழ்ச்சி.

போன ஆவணியில் மருதனார்மடத்திலிருந்து மயூரதன் என்றொரு பெடியன் வந்தான். கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடித் தேடிப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவன். பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழே இறங்கித் தூண்களைத் தட்டினான், கம்பியைச் சுரண்டினான். கடைசியில் ஆள் விசாரித்து, தோட்டத்தில் நின்ற பொன்னம்பலத்தாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாலத்தின் நடுவில் நிறுத்தினான்.

"ஐயா, ஒரே ஆள்தானே கட்டினது? பிறகேன் ஒரு பக்கம் மட்டும் இப்பிடி உக்கிப்போச்சு?"

"அங்கைதான் தம்பி விசயம் கிடக்கு" என்று தொண்டையைச் செருமினார். "காலமை ஓவசியர் பக்கத்திலை நிண்டவர். ஏரம்பு ஒழுங்காக் குழைச்சவன். மத்தியானம் ஓவசியர் சோறு தின்னப் போனார். ஏரம்பு சீமெந்து தின்னத் துவங்கினான்!"

மயூரதன் விழுந்து விழுந்து சிரித்தான். பொன்னம்பலத்தாரும் சிரித்தார். ஆனால் ஒரே ஆள் கட்டிய பாலம் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்று இத்தனை காலத்தில் வேறு ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. தோட்டத்துக்குத் திரும்பும்போது இரண்டு தரம் நின்று பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏனென்றால் நடந்தது வேறு. அதை அறிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

பாலம் கட்டிய காலத்தில் அதற்குக் கிட்ட நல்ல தண்ணீர் இருந்தது அவர்களுடைய தோட்டக் கிணற்றில் மட்டுமே. ஏரம்புவும் அவனுடைய ஆட்களும் அந்தக் கிணற்றுக்கட்டை மிதிக்கக் கூடாது. சாதி அப்படி. ஊர்ப் பாலம் என்பதால், தண்ணீர் தர மாட்டேன் என்று தகப்பன் கந்தப்பு சொல்லவில்லை. ஆனால் அள்ளி ஊற்றுவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும். அவர்கள் தள்ளி நின்று பீப்பாவில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலை, மீசை அரும்பிய வயதில் இருந்த பொன்னம்பலத்தின் தலையில் விழுந்தது.

தளம் போட்ட அன்று வெய்யில் கொளுத்தியது. மத்தியானம் திரும்பியும் பாதிப் பாலம்தான் முடிந்திருந்தது. கிணற்றுத் துலாவை இழுத்து இழுத்து உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பின்னேரம் மருதனார்மடத்தில் கரப்பந்தாட்டப் போட்டி வேறு. தான் இல்லாவிட்டால் தன் கட்சி தோற்றுவிடும் என்று அவனுக்கு நினைப்பு. துலாவை விட்டான். வீட்டு ஆள் நிற்காத நேரத்தில் கிணற்றில் வாளி தொங்கக் கூடாது என்பது கந்தப்புவின் கட்டளை. ஆகவே வாளியையும் கழற்றிச் சைக்கிளில் கொளுவிக்கொண்டான்.

ஏரம்பு ஓடி வந்தான். "சின்ன நயினார், கலவை பாதியிலை நிக்குது. இண்டைக்கே போட்டு முடிக்காட்டிப் பொருத்து விட்டுப் பிளந்திடும். இன்னும் கொஞ்சம் அள்ளித் தாங்கோ."

"உந்த வாய்க்கால்லை கிடக்கிறது தண்ணி இல்லையே? அதை அள்ளன்."

"அது உப்புத் தண்ணி நயினார். கம்பியைத் திண்டிடும்."

"பாலம் என்ன, குடிச்சுப் பாத்து ருசி சொல்லவே போகுது?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான். வேலையைப் பார்க்க வந்து சாப்பிடப் போன ஓவசியரும் அன்று திரும்பி வரவில்லை. மிச்சப் பாதிக்கு ஏரம்பு வாய்க்கால் தண்ணீரையே அள்ளிக் குழைத்தான். போட்டியில் பொன்னம்பலத்தின் கட்சி தோற்றது.

சில மழைக்காலம் போக, கிழக்குப் பாதி வெடித்தது. வாழைக்குலை ஏற்றி வந்த ட்ராக்டரின் சில்லு தளத்துக்குள் இறங்கியதும் அரசாங்கக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது. நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஏரம்பு சொன்னான். யார் தரவில்லை என்று சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. சொல்லியிருந்தால் ஊரில் குடியிருந்திருப்பானா? கந்தப்பு எழும்பி, தன் மகன் அன்று முழுக்க நின்று இறைத்துக் கொடுத்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பியிருந்தார். எல்லாரும் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். மகன் தலையாட்டினான்.

தண்ணீர் சரியென்றால் சீமெந்தைத்தான் களவெடுத்திருக்கிறான் என்று முடிவாகி, அதோடு ஏரம்புவின் தொழில் போயிற்று. சீமெந்துக் கரண்டி பிடித்த கை, கடைசி வரைக்கும் மற்ற மேசன்மாருக்குக் கல் சுமந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பொன்னம்பலம் முதலில் அந்தப் பேச்சு எழும்பினால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் யாரோ விடாமல் கேட்கவே ஒரு பகிடி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற நேரம் நெஞ்சு சுடவில்லை. அன்றிலிருந்து அவரே அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் ஆனார்.

மயூரதனின் படம் ஊரெல்லாம் ஓடிற்று, கடல் தாண்டியும் ஓடிற்று. சுபாஜினி அழைத்து, "அப்பா, இஞ்சை எல்லாரும் உங்கடை கதையைத்தான் போட்டுப் பாக்கினம்" என்றாள். அவர் தொலைபேசியைக் குணலட்சுமியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையார் கோயில் அன்னதான மண்டபம் கட்டுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று சபை கூடியது. வேலை கேட்டிருந்தவர்களில் திறமான மேசன் கோகுலன். ஏரம்புவின் மகனுடைய மகன்.

சபைத் தலைவர் சிவதர்ஷன் தலையைச் சொறிந்தார். "பெடியன்ரை வேலையிலை நான் குறை சொல்லேல்லை. ஆனா உந்த வீடியோவுக்குக் கீழை என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு பாத்தனீங்களே? பாலம் திண்டவன்ரை பேரனுக்கோ மண்டபம் எண்டு கேக்கிறாங்கள். வெளியிலை இருந்து உதவி செய்யிற ஆக்களும் உந்தப் படத்தைத்தானே பாக்கினம்?"

நாலைந்து தலைகள் ஓம் ஓம் என்று ஆடின. தன்னுடைய நாக்கு ஏரம்புவைத் தின்றது போதாதென்று பேரனையும் தின்னப் போகிறது என்று பொன்னம்பலத்தாருக்குப் பட்டது. எழும்பினார்.

"ஏரம்பு சீமெந்து எடுக்கேல்லை" என்றார்.

"அப்ப ஏன் அண்ணை இடிஞ்சது?"

இனிச் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். தண்ணி. கதிரைகளில் இருந்த முகங்களைப் பார்த்தார். எல்லாம் அவரை மரியாதையோடு பார்க்கிற முகங்கள்.

"உப்புக்காத்து" என்றார். "நான் பகிடிக்குச் சொன்னதை நீங்கள் பெரிசாக்காதையுங்கோ."

"மற்றப் பாதிக்குக் காத்து அடிக்கேல்லையாக்கும்!" என்று யாரோ சொல்ல, சபை சிரித்தது. சிவதர்ஷன் கையை உயர்த்தினார். "சிரிக்காதையுங்கோ. அந்தப் பெடியன் பிழைக்கோணுமெண்டு ஊரறிஞ்ச சங்கதியையே அண்ணை மாத்திச் சொல்லுறார். எவ்வளவு பெரிய மனம்! அண்ணையின்ரை சொல்லுக்காக வேலையைக் கோகுலனுக்கே குடுப்பம்."

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது. குணலட்சுமி பெருமையோடு சோறு போட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேலை கிடைத்துவிட்டதே, அது போதாதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். போதவில்லை.

அடுத்த நாள் காலமை கோகுலன் லட்டுப் பெட்டியோடு வந்தான். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"ஐயா, அப்பப்பாவுக்காகச் சபையிலை பொய் சொன்னீங்களாம். இந்தக் காலத்திலை ஆர் செய்வினம்?"

"பொய் இல்லைத் தம்பி. அந்தாள் எடுக்கேல்லை."

கோகுலன் சிரித்தான். "என்ரை மனம் நோகக் கூடாது எண்டு சொல்லுறீங்கள். எங்களுக்குத் தெரியும் ஐயா. அப்பப்பா சாகுமட்டும், நான் எடுக்கேல்லை, தண்ணிதான் பிழைச்சது எண்டு புலம்பினவராம். வீட்டிலை ஒருத்தரும் நம்பேல்லை. அப்பப்பாவின்ரை கடைசிக் காலத்திலை அப்பா அவரோடை முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை."

"ஏன் நம்பேல்லை? பெத்த தேப்பனெல்லோ!" குரல் அவரையும் மீறி உயர்ந்தது.

"நீங்கள் சொன்னனீங்களெல்லோ ஐயா. பக்கத்திலை நிண்டு தண்ணி இறைச்சுக் குடுத்த ஆள் நீங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல என்ன தேவை எண்டுதான் அப்பா இண்டைக்கும் கேப்பார்."

பொன்னம்பலத்தார் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இரு. அண்டைக்குத் தண்ணி..."

"அதை விடுங்கோ ஐயா, பழங்கதை. வெள்ளிக்கிழமை அத்திவாரம் போடுறம். முதற்கல் நீங்கள்தான் வைக்கோணும். அப்பாவும் வாறார். அவருக்கு இப்ப நடக்க ஏலாது, தூக்கிக்கொண்டுதான் வருவம். உங்கடை காலிலை ஒருக்கா விழோணும் எண்டு ஒரே பிடியா நிக்கிறார்."

உள்ளேயிருந்து குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். இரண்டு பேரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் தம்பி" என்றார் பொன்னம்பலத்தார். "வாறன்."