கலைமதியின் காவல்காரன்

கணவனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள் கலைமதி. வீடியோ கேம் திரையில் ஒரு கொல்லன் பேசிக்கொண்டிருக்கிறான். தர்மனின் விரலோ பேச்சைத் தாண்டிப் போகும் பட்டனை நோக்கி நகர்ந்துவிட்டது.

"அந்தாளு பேசிட்டிருக்காருல்ல, பேச வுடுங்க."

"தலைக்கு மேல டிராகன் நெருப்பு கக்குதுடி. இவன் கத்திக்குச் சாணை புடிக்கிற கதை சொல்லிட்டிருக்கான்!"

கொல்லன் சொன்னதையே மறுபடி சொல்லத் தொடங்கும்வரை விரலை விடமாட்டாள். பிறகுதான் தீர்ப்பு. "பேரு இருக்குது, பட்டறை இருக்குது. வூடு இல்ல. இவரு எங்க போயித் தூங்குவாரு?"

மாரண்டஹள்ளியில் தக்காளி லாரிகள் திரும்பும் முனையில் அவர்களுடைய மாடி வீடு. அங்கிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றின் வீடியோ கேமுக்கு வசனம் எழுதுகிறாள். குதிரை ஏறினால் எந்தத் திசையிலும் போகலாம். அவ்வளவு பெரிய மாயதேசம். நாயகனை எழுத வேறு ஆட்கள் உண்டு. சத்திரக்காரி, படகோட்டி, கோழியைத் திட்டுகிற கிழவன், இவர்களெல்லாம் கலைமதி பொறுப்பு. யாருக்கு வசனம் எழுதினாலும், இன்றைக்கு இந்த ஆளுக்கு என்ன கடுப்பு என்பதை முதலில் முடிவு செய்துவிடுவாள். பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் நடுவில்தான் போய் நிற்பாள். பேச்சு அங்கேதான் கிடைக்கும்.

மற்ற கேம்கள்மீது அவளுக்கு ஒரே புகார். "ஊரே ஹீரோ எப்ப வருவான்னு கையக் கட்டிட்டு நிக்குது. வேற பொழப்பே இல்லியா இவங்களுக்கு?"

கோட்டை வாசல் காவல்காரன் நாகன் அவளுடைய செல்லம். அவனிடம் புதையலும் இல்லை, ரகசியமும் இல்லை. உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருப்பான். 'வீரனே, எங்கே செல்கிறாய்?' என்று அவனுக்கு யாரோ எழுதிவைத்திருந்தார்கள். கலைமதி பதறிவிட்டாள். "கெளம்புற ஆளப் பாத்து எங்க போறேன்னு கேப்பாங்களா? போற காரியம் வெளங்குமா?" அதை அடித்துவிட்டு ஒரே சொல் எழுதினாள்: 'தூரமா?' அவள் தெருவில் பையோடு வண்டியெடுப்பவரை அப்படித்தான் கேட்பார்கள்.

கம்பெனியில் கதைப் பிரிவுக்குத் தலைவியான தெரசா சிரித்தாள். "நல்லாருக்கு கலை. ஆனா யாரு நின்னு கேப்பா? சனிக்கிழமை வெளியாளுங்கள ஆடவெச்சுப் பாக்குறோம். நிக்கலேன்னா நாகனுக்கு 'உள்ளே போ' மட்டும்தான். உங்க மத்த ஆளுங்களுக்கும் அதே கத்திரி."

சனிக்கிழமை, கம்பெனியில் நடக்கும் அந்த ஆட்டங்களை வீட்டு லேப்டாப்பில் நேரலையாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தர்மன். முதலில் வந்தவன் நாகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவன் பட்டனைத் தட்டிவிட்டுப் பறந்தான். பிறகு வந்த ஒரு பெண், 'தூரமா?' என்றதும் குதிரையை நிறுத்தினாள். கீழே தெரிந்த பதில்களில் 'பக்கம்தான்' என்பதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

போர் முடிந்தது. அரண்மனையில் அவளுக்குப் பட்டம் காத்திருந்தது. அவளோ குதிரையைத் திருப்பி, எந்த வேலையும் இல்லாத வாசலுக்கு வந்தாள். நாகன் செருப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பக்கம்னு சொன்ன?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய், இங்க வாங்கடா! இந்தாளு என்னை ஞாபகம் வெச்சிருக்கான்டா!" பக்கத்து நாற்காலிகள் காலியாயின. பட்டனைத் தட்டிவிட்டுப் பறந்தவன்கூடத் தன் குதிரையை வாசலுக்குத் திருப்பினான்.

தெரசாவின் குரல் வந்தது. "கலை, உங்க நாகன்மேல எவனும் கைவைக்கக் கூடாது. ஊர் முழுக்க இப்படியே எழுதுங்க."

கலைமதி போட்ட கூச்சலில் கீழே லாரி டிரைவர் அண்ணாந்து பார்த்தார்.

"வெரல வுடு தாயே, செவந்துபோச்சு," என்றான் தர்மன். அப்போதுதான் அவள் தன் கையைக் கவனித்தாள்.

சாயங்காலம் அவளுடைய கேமை அவனே கேட்டு வாங்கி ஆடினான். வாசல் வந்தது. நாகன் வாயைத் திறந்தான். கலைமதியின் கை பழக்கத்தில் தர்மனின் விரலை நோக்கி எழுந்தது. அவன் கட்டைவிரல் ஏற்கெனவே உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. பாதி வழியில் நின்ற கை, திரும்பிப் போய்த் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டது.