மழையில் காய்ந்த உப்புக்கண்டம்

பேராச்சியும் நானும் முதன்முதலில் சண்டை போட்டதே புகைக்காகத்தான். தாராவியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. என் அடுப்பு இந்தப் பக்கம். புகை போவது அந்தப் பக்கம்.

“எக்கா, ஒன் அடுப்பு ஒனக்கு எரியுதா, எனக்கு எரியுதா? கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு” என்பாள்.

“புகைக்கு நானா வழி சொல்லி அனுப்புதேன்? ஓட்டைய நீயே அடைச்சுக்கோ” என்பேன்.

யார் அடைப்பது என்பதிலேயே நாலு வருஷம் போயிற்று. நான் அடைக்கவில்லை. அடைக்காதது நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பேராச்சி நாங்குநேரிப் பக்கத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் போன மூன்றாம் மாதமே ஆட்டுக்கறி வாங்கி, உப்பும் மஞ்சளும் தடவி, சரடில் கோத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் கொடிகட்டிக் காயப்போட்டு விற்க ஆரம்பித்தவள். நம் ஊர்ப் பையன்கள் சாப்பிடுகிற நெல்லையப்பன் மெஸ்ஸில் அவள் உப்புக்கண்டம் இல்லாமல் ரசஞ்சோறு இறங்காது.

ஆனால் பம்பாய் மழை ஆனியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் விடாது. கறி காயாது. பூஞ்சை பிடித்துப் போகும். அதனால் வருஷா வருஷம் அவள் அண்ணன் வானமாமலை வந்து மழைக்கு ஊருக்குக் கூட்டிப் போவார். அங்கே அவர் பெண்சாதி சண்முகவடிவு, “மழைப்பூச்சி வந்துட்டுது. ஒலையில ஒரு படி கூடப் போடுங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாளாம்.

பாகிஸ்தான் சண்டைக்கு முந்தின வருஷம், ஆடி பிறந்ததும் வருவதாக அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பேராச்சி என்னிடம் வந்து, “இந்த மழைக்கு நான் ரயில் ஏற மாட்டேன் எக்கா. மாலத்தீவுக்காரன் மாசிக் கருவாட்டப் புகையில போட்டுத்தான காய வைக்கான்? நான் கறியக் காய வைக்கேன்” என்றாள்.

“எதுல வச்சு?”

“ஒரு டிரம்மு வாங்கணும்.”

கால்வாய்க் கரையில் பழைய டின்னும் டிரம்மும் விற்ற ராபியாவிடம் போனோம். அவள் மேலப்பாளையத்துக்காரி. தோல் கிடங்கில் ஒரு நீல டிரம் ஓசிக்கே கிடைக்கும், அதை எடு என்று நான் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ராபியா காதில் அது விழுந்துவிட்டது.

“தோலுக்கு மருந்து ஊத்துன டிரம்முல செஞ்ச கறிய நீ முதல்ல திம்பியா, ஆறுமுகத்தாயி?”

தோல் கிடங்குப் பேச்சை அதோடு விட்டேன்.

ராபியா இரண்டு டிரம்மை உருட்டிக் காட்டினாள். ஒன்று தார் டிரம், ரொம்ப மலிவு. இன்னொன்று கடலை எண்ணெய் டிரம், வயிற்றில் நசுங்கி ஒரு பெரிய சப்பை. “கண்ணால பாக்காத பேராச்சி, மூக்கால பாரு” என்றாள். தார் டிரம்முக்குள் போன பேராச்சியின் தலை போன வேகத்தில் வெளியே வந்தது. எண்ணெய் டிரம்முக்குள் போன தலை வரவே இல்லை. குரல் மட்டும் வந்தது: “எக்கா, வடை சுட்ட வாசம் அடிக்கி!”

“வயித்துல சப்பை இருக்கே, வெலையக் கொறை” என்றேன் நான்.

“கறி தொங்கவிடத்தான வாங்குதிய? மாப்பிள்ளையா பாக்குதிய?”

கடைசியில் ஏழு ரூபாய்க்கும் முதல் சரடு கண்டத்துக்கும் பேசி முடித்தோம். பேராச்சி டிரம்முக்குள் விறகைப் போட்டு எரித்து, சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்தாள். வாய்க்குக் கீழே துளை போட்டு இரண்டு கம்பி செருகினாள். கறிச்சரடு தொங்க அது போதும். மேலே ஒரு தகர மூடி. மழை படாமல் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

முதல் தடவை அடியிலேயே தீ மூட்டினாள். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ எகிறி, கறி வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றது. மெஸ்கார நெல்லையப்பன் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்டமா இது? காலைல பல்லு வெளக்கலாம் போலயே!”

இரண்டாம் தடவை தீயை அடக்க ஈரச்சாக்கால் மூடியை இறுக்கிக் கட்டினாள். தீ அணைந்தே போயிற்று. கறி வியர்த்துப் புளித்துவிட்டது.

மூன்றாம் தடவை நான் வேப்பிலை போட்டேன். ஆமாம், நான்தான். அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஒரு கை அள்ளிப் போட்டேன். கொசுவுக்குப் புகை போட்டாலும் மாட்டுத் தொழுவத்தில் புகை போட்டாலும் நாம் வேப்பிலைதானே போடுவோம்? ஈ மொய்க்காமல் இருக்கட்டும் என்று போட்டேன். நெல்லையப்பன் கடித்தவர் ஓடிப்போய்த் துப்பினார். “கசாயத்துக்கு எப்பம்மா சரடு கட்ட ஆரம்பிச்சே?” என்றார். ஈ ஒன்றுகூட மொய்க்கவில்லை. அதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பேராச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இன்னும் ஒரு தடவைக்குத்தான் கறி வாங்க முடியும் எக்கா. அண்ணன் வர அஞ்சு நாளுதான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. செய்த வேலைக்கு ஈடாக அந்த ஓட்டையையாவது அடைத்துத் தொலைப்போம் என்று மறுநாள் ஒரு சட்டி களிமண்ணோடு அவள் வீட்டுக்குப் போனேன். வெளியே மழை கொட்டுகிறது. கையில் மண்ணை எடுத்து ஓட்டைக்குக் கொண்டுபோனேன். பேராச்சி பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அடைக்காத எக்கா!”

“நாலு வருசமா நீதானட்டி அடை அடைன்ன?”

அவள் ஓட்டைக்கு எதிரே கொடியில் கிடந்த சேலையை உருவி என் முகத்தில் வைத்தாள். “தொட்டுப் பாரு. இந்தச் சந்துல பத்து நாளா எவ வீட்லயாவது துணி காஞ்சிருக்கா? இது காஞ்சிருக்கு. இப்ப ஓட்டைல கைய வையி. சுடுதா?”

வைத்தேன். புகை வந்தது. சுடவில்லை.

“தீ ஒன் வீட்ல கெடக்கு. புகை மட்டும் எம் வீட்டுக்கு வருது. டிரம்முக்குள்ள எதுக்கு எக்கா தீ?”

அன்றைக்கே கும்பார்வாடா குயவர்களிடம் போய், விரிசல் விட்ட மண்குழாய் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தோம். டிரம்முக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு டால்டா டின்னில் தீ. டின்னிலிருந்து டிரம்மின் அடிவயிற்றுக்கு மண்குழாய். இடுக்கையெல்லாம் பூசியது நான் கொண்டுபோன களிமண்தான். மூடியில் ஒரு துளை போட்டு, அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகரத்துண்டு வைத்தாள். விறகுக்குப் பெட்டிப் பலகை வேண்டாம், கருவேலங்கட்டை மட்டும் என்றாள். டிரம்முக்குள் கையை விட்டு எண்ணுவாள். நூறு எண்ணுகிற வரை கை பொறுத்தால் சரி. அதற்குள் சுட்டால் ஒரு கட்டையை வெளியே இழுப்பாள். மூன்று பகலும் மூன்று ராத்திரியும் மாறி மாறிப் பார்த்தோம். என்னை வேப்பமரம் இருந்த திசைப் பக்கமே அவள் விடவில்லை.

நாலாம் நாள் அண்ணன் வானமாமலை சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். திரும்பிப் போக இரண்டு சீட்டுக்கு டிக்கெட் எடுத்தே வைத்திருந்தார். “மூட்டையக் கெட்டு தாயி” என்றார்.

“முதல்ல சாப்பிடுண்ணே.”

சரடை அவிழ்த்தாள். கண்டம் செம்மண் நிறத்தில், உடைத்தால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. எண்ணெயில் பொரித்தபோது சந்தே திரும்பிப் பார்த்தது. வாசம் பிடித்து நெல்லையப்பனும் வந்துவிட்டார். ஒரு துண்டை வாயில் போட்டார். நாங்கள் அவர் வாயையே பார்த்தோம். பேசாமல் இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை போனபோது பேராச்சி தட்டை இழுத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டுத் தின்னும்.”

“வாரத்துக்கு எத்தன சரடு தருவே? மழை முடிய மட்டும் எனக்குத்தான். வேற மெஸ்ஸுக்குக் குடுத்தே, கோவம் வரும் பாத்துக்க.”

அண்ணன் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார். “டிக்கெட்டு ரெண்டு எடுத்தாச்சே பேராச்சி, வீணாப் போகுமே.”

“ஏன் வீணாப் போகுது?” என்றாள்.

ராபியாவுக்கு ஒரு சரடு கொடுத்தோம். நெல்லையப்பனுக்கு எடுத்து வைத்தோம். மீதியை ஓலைப்பெட்டியில் கட்டித் தாதர் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் பேராச்சி அந்தப் பெட்டியை வைத்தாள்.

“மைனிகிட்ட சொல்லுண்ணே. மழைப்பூச்சி இந்த வருசம் பறக்கல. ஒலையில ஒரு படி கொறச்சுப் போடச் சொல்லு.”

ரயில் கிளம்பியது. அவள் சீட்டில் கண்டம் உட்கார்ந்து ஊருக்குப் போயிற்று. பேராச்சி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி விறுவிறு என்று முன்னால் நடந்தாள். நெல்லையப்பன் தந்த முன்பணத்தில் அடுத்த கறி டிரம்மில் தொங்கியது. நாங்கள் வருகிற வரைக்கும் ராபியாதான் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.