குதிரைகளை அழைத்துப் போகிறவன்

சிட்னியில் குளிர்காலம் வந்தால் குதிரைகளுக்குச் சட்டை போட்டுவிடுகிறார்கள். கெல்லிவில்லைத் தாண்டி நான் வேலைக்குப் போகும் வழியில், வேலியடைத்த புல்வெளிகளில் அவை நீலத்திலும் பச்சையிலும் போர்த்திக்கொண்டு மேய்ந்தபடி நிற்கும். முதல்முறை கண்டபோது காரை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தேன். நான் நெடுந்தீவில் பிறந்தவன். எங்கள் தீவிலும் குதிரைகள் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிவந்த, உரியவர் இல்லாமல் திரியும் கட்டாக்காலிகள் அவை. கோடையில் நீர்நிலைகள் வற்றினால் தாகத்தில் விழுந்து சாகும். ஐயாவும் நானும் கிணற்றிலிருந்து அள்ளித் தொட்டியில் ஊற்றி வைப்போம். கிட்ட வரப் பயப்படும். முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பிப் பேசாமல் நின்றால் ஒவ்வொன்றாக வரும்.

இங்கே எனக்குக் கிடைத்தது நகரத்துக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வீசாவுக்குப் பொறுப்பு நிற்பவரே அந்த முதலாளிதான். வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறொரு முதலாளியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். மாடு வெட்டும் இடம் என்று நினைத்து வந்தேன். வந்த பிறகுதான் அங்கே வெட்டுவது குதிரைகளை என்று தெரிந்தது. பந்தயத்தில் பின்தங்கியவை, கால் நொண்டியவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வீட்டுக்கு வேண்டாமற் போனவை. அந்த இறைச்சி நாய்களுக்குத் தீனியாகப் போகும். முதலில் குளிரறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவரை எதையும் பார்க்காமல் இருக்க முடிந்தது. ஒருநாள் ஒரு பெட்டைக் குதிரை லொறியை விட்டு இறங்காமல் உதைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் காயப்பட்டார்கள். நான் போய், பழைய பழக்கத்தில், பக்கவாட்டாகத் திரும்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கி வந்து என் தோளில் மூக்கை வைத்தது. மேலாளர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளே என்னை முற்றத்துக்கு மாற்றிவிட்டார். லொறியிலிருந்து வெட்டும் கூடத்தின் கதவுவரை குதிரைகளை அழைத்துப் போவதுதான் அதற்குப் பிறகு என் வேலை. ஒன்றுகூட என்னோடு வர மறுத்ததில்லை.

நாங்கள் குடியிருப்பது ஹெலன் என்ற பெண்மணியின் வீட்டுக்குப் பின்னால், அவரே கட்டி வாடகைக்கு விட்ட சிறிய வீட்டில். எழுபதை நெருங்குகிற மனுசி. என் மனைவி வாசுகிக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். குதிரைகளை வெட்டுவதைத் தடைசெய்யச் சட்டம் வேண்டும் என்று சந்தைகளில் நின்று கையெழுத்துச் சேர்ப்பவரும் அவர்தான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லியிருந்தேன். என்ன இறைச்சி என்று அவர் கேட்கவில்லை. ஒருமுறை, "நீங்கள் இந்துக்கள், உங்களுக்கு இது புரியும்" என்றார். ஆமென்று நான் நம் வழக்கப்படி பக்கவாட்டில் தலையை ஆட்டினேன். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, பாவம், பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகொரு காலை, தொழிற்சாலை வாசலில் பதாகைகளோடு ஒரு கூட்டம் நின்றது. முன்வரிசையில் ஹெலன். பின்னால் லொறி வந்துகொண்டிருந்ததால் காரைத் திருப்ப முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக ஒருவரையொருவர் பார்த்தோம். அவருடைய பதாகை மெல்லத் தாழ்ந்தது.

மாலையில் எங்கள் குசினிக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். வாசுகி தேத்தண்ணி வைத்தாள்.

"உள்ளே என்ன வேலை செய்கிறீர்கள்?"

சொன்னேன். அவர் கதிரையை முன்னே இழுத்துப் போட்டார்.

"நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரிக்கிறது. உள்ளே நடப்பதைச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. நீங்கள் வந்து சொன்னால் சட்டம் வரலாம்."

"சட்டம் வந்தால் அந்த இடத்தை மூடுவார்கள். அதற்குப் பிறகு நாங்கள்?"

"வேறு வேலை கிடைக்குமே. இது பெரிய நாடு."

அவர் மனதாரத்தான் சொன்னார். இந்தப் பெரிய நாட்டில் எனக்கென்று இருந்த இடம், லொறிக்கும் அந்தக் கதவுக்கும் இடையிலுள்ள சீமெந்துத் தரை மட்டுந்தான் என்பதை எந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வது?

வாசுகி தமிழில் சொன்னாள்: "இவவுக்கு இது விளங்காது. எங்கடை மகள் பள்ளியிலை கடைசி வருசம் படிக்கிறாள். நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ."

"என்ன சொல்கிறாள்?" என்று ஹெலன் கேட்டார்.

"தேத்தண்ணி ஆறுதாம்" என்றேன்.

அவர் குடித்துவிட்டுப் போனார். வாடகை வீட்டை விடச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கிழமை வந்த ஒரு கிழட்டுக் குதிரையின் பிடரி மயிரை யாரோ சடையாகப் பின்னி, ஊதா றிபன் கட்டியிருந்தார்கள். விற்றவன் அது எங்கே போகிறதென்று பின்னிவிட்ட பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டான். அதையும் அழைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தபோது வாசுகி கேட்டாள், சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கை போறாய்?"

"ஹெலனிட்டை. உங்கடை பேர் சொல்லாமல் அங்கை நடக்கிறதைச் சொல்லலாமோ எண்டு கேக்கப் போறன்."

சொல்லலாம் என்றார் ஹெலன். நானும் போய்ச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். றிபனுக்கு வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

விசாரணை நாளில் சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு நானும் ரயிலேறிப் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன். ஹெலன் என் வார்த்தைகளைத் தன் ஆங்கிலத்தில் வாசித்தார். அந்தச் சட்டம் வர வேண்டும் என்று நெஞ்சார விரும்பினேன். வந்துவிடக் கூடாதே என்றும் அதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டும் பொய்யில்லை.

உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "இந்தத் தொழிலாளி நேரில் வருவாரா?"

"இல்லை. அவரால் வர முடியாது" என்றார் ஹெலன், பின்னால் திரும்பாமலே.

"அப்படியானால் எங்கள் நன்றியை அவருக்குத் தெரிவியுங்கள்."

தெரிவிப்பதாக ஹெலன் சொன்னார். எல்லோரையும் போல நானும் அசையாமல் இருந்தேன். என் சட்டையில், வாசலில் ஒட்டிவிட்ட காகிதம், ஆங்கிலத்தில் 'விசிட்டர்' என்றது.