பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன்

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னைநார் கம்பெனியில் பதினோரு வருசம் நான்தான் கிளார்க். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஃபைலை சேவ் பண்ணப் போனா முன்னால திறந்த ஃபோல்டரெல்லாம் வரிசையா வந்து நிக்குது. பக்கத்துல இருக்கறவங்க பார்க்கறாங்க. அது தெரியாமப் பண்ணிக் குடுங்க."

எத்தனை ஃபோல்டர் காட்டவேண்டும் என்று செட்டிங்கில் ஓர் இடம் உண்டு. அதில் பூஜ்யம் போட்டால் போதும். போடுவதற்கு முன்னால் அந்த வரிசையைப் பார்த்தேன். முதலில் இருந்தது ‘நியூ கிளார்க்’.

"ஆள் எடுக்கறீங்களாங்க?"

"உங்களுக்கு ஒத்தாசைக்குத்தானுங்க."

நம்பினேன். பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

புதிதாக வந்தவளுக்கு எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று நானே காட்டினேன். அவள் பழகி முடித்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் வரவேண்டியதில்லைங்க என்றார். அப்போதும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. எழுந்து நின்று கைகூப்பி, "போயிட்டு வாங்க அம்மணி" என்றார். எங்கள் பக்கம் யாரையும் வெறுமனே போகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு மரியாதை.

நானும் பழக்கதோசத்தில், "வாரேனுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.