லிஃப்ட்டுக்குள் அக்காவின் மூச்சு

என் அக்கா ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவள். ஓட்டுவது என்றால் பெரிய வித்தை இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே பொழுதைத் தள்ள வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் கால் வீங்கி, செருப்பு வார் சதையை அழுத்தும்.

"பெட்டிக்குள்ளயே கிடந்தா காத்து எங்கேர்ந்து வரும்?" என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள்.

வீட்டில் அவள் புருஷனுக்கு, என் மாமாவுக்கு, முந்தின வருஷமே இதயம் பலவீனம். அவரைப் பார்த்துக்கொள்வது அக்காவின் இரண்டாவது வேலை. அவள் மூச்சு வாங்கினால் அவருக்குக் கோபம் வரும்.

"வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்டி."

"அப்ப சீட்டுக் குலுக்கிப் போடுங்க. யாரு பேர் வருதோ அவங்க படுத்துக்கலாம்."

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் ராத்திரி சுவரில் சாய்ந்துதான் தூங்கினாள்.

அலுவலக டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். இதயத் தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் ஒரு சத்து கசியுமாம்; அதை அளந்தார்கள். இதைத் தாண்டினால் ஆபத்து என்று அதற்கு ஒரு கோடு உண்டு. முன்பு மாமாவுக்கு அளந்தபோது, அந்தக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அக்காவுக்குக் கோட்டுக்குக் கீழேயே நின்றது.

"இதயத்துக்கு ஒண்ணுமில்லம்மா. வேலைக்கு வாங்க" என்றார் டாக்டர்.

அன்றோடு அவள் வாய் அடைத்துப்போனது. மூச்சு முட்டுகிறது என்று ஆரம்பித்தாலே, "டாக்டரே சொல்லிட்டாரே" என்று மாமா முடித்துவிடுவார். மேனேஜரும் அதையே சொல்லி லீவு தர மறுத்தார். உடம்பு படுத்துகிற பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் நடிப்பு. சொல்லாவிட்டால் லிஃப்ட்.

ஒருநாள் ஆட்கள் நிறைந்திருந்தபோது, ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தாள். தகவல் வந்ததும் நான் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு பெண் டாக்டர் பழைய ரத்தச் சோதனையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அதுதான் கோட்டுக்குக் கீழ இருக்கேம்மா" என்றேன்.

"அது எல்லாருக்கும் பொதுவா போட்ட கோடு. பொம்பளைங்களுக்கு இந்தச் சத்து இயல்பாவே கம்மி. அவங்களுக்குக் கோடு இன்னும் கீழ இருக்கணும். அப்படிப் பார்த்தா அன்னைக்கே இவங்களுக்கு ஏறித்தான் இருந்திருக்கு."

ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் நன்றாகத்தான் சுருங்குகிறதாம். இறுகிப்போய் விரியத்தான் மாட்டேன் என்கிறதாம்.

அக்கா முகத்தில் ஆக்சிஜன் மூடி. அதைக் கொஞ்சம் தூக்கி, "அப்ப நான் நடிக்கலடா" என்றாள். நோய் என்று கேட்டு அப்படி நிம்மதியடைந்த ஆளை நான் பார்த்ததில்லை.

"இனிமே இவங்களை வேலை வாங்காதீங்க. யாராவது கூட இருந்து பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மாமா அப்போதுதான் வந்து சேர்ந்தார். கட்டில் ஓரமாக நின்றார், தலையைச் சொறிந்தார். பாவம், அவருக்கும் பயம்தான். பிறகு பையிலிருந்து தன்னுடைய மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினார்.

"இதுல எது காலையில, எது ராத்திரி?"

அக்கா மூடியை மறுபடி விலக்கினாள்.

"வெள்ளை பாதி... சாப்பாட்டுக்கு அப்புறம்..."

நர்ஸ் வந்து மூடியைப் பொருத்திவிட்டுப் போனாள். அவள் போகும்வரை காத்திருந்து அக்கா அதைத் திரும்பவும் கழற்றினாள்.